ஐஸ் தண்ணீர் குடித்த எஞ்சின்

என் தம்பி முனாஸ் நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்கு மனம் வராது. தொழுகை விடாதவன், வட்டி வாங்காதவன், யாருக்காவது உதவி என்றால் செருப்பைக்கூடப் போடாமல் ஓடுகிறவன். அந்த உதவிதான் என் வேனின் எஞ்சினைக் கொன்றது.

நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். பள்ளிவாசல்துறையில் பிள்ளைகளை ஏற்றி புத்தளம் டவுனில் இறக்குவேன், பகலில் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். என் கணவர் மர்ஸூக் கத்தாரில் யாரோ ஒரு பெரிய மனிதரின் காரை ஓட்டுகிறார், நான் இங்கே எங்கள் பழைய டொல்பின் வேனை ஓட்டுகிறேன். யுத்தம் முடிந்த பிறகு வாங்கியது. பொம்பளை வேன் ஓட்டுவதா என்று ஊர் ஒரு வருடம் கதைத்தது. பிறகு அதே ஊர் வந்து, பெண்பிள்ளைகளை நபீலாவோடுதான் அனுப்புவோம் என்று வாசலில் நின்றது. எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் தொண்ணூறாம் ஆண்டில் புலிகளால் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள். நானும்தான். எங்களுக்குப் பிள்ளைகளின் படிப்பை விட்டால் பெரிய சொத்து ஒன்றும் இல்லை, அதைத்தான் என் கையில் தந்திருந்தார்கள்.

அந்தப் புதன்கிழமை பகல், திரும்பி வரும்போது, நுரைச்சோலை தாண்டியதும் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தது. வேனை ஓரம்கட்டி, பிள்ளைகளை வேப்பமர நிழலில் இருத்தினேன். முன் சீட்டைத் தூக்கி எஞ்சினுக்குக் காற்றுப்பட விட்டு, ஹோஸை டேப்பால் இறுக்கிச் சுற்றினேன். இனி தண்ணீர் வேண்டும். பக்கத்து வீட்டிலேயே கிணறு இருந்தது, ஆனால் சவர்த் தண்ணீர். எங்கள் கரையில் கிணற்றுக்குக் கிணறு தண்ணீர் மாறும். உப்பு கலந்த தண்ணீர் எஞ்சினுக்குள் போனால் இரும்பை உள்ளே இருந்து தின்னும். அதனால் நல்ல தண்ணீர் உள்ள வீடு தேடி, கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அதற்குள் எஞ்சினும் ஆறும் என்பது என் கணக்கு.

எஞ்சின் ஆறுவதற்கு முன் முனாஸ் வந்துவிட்டான். மோட்டார்சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி ஊர் ஊராக மீன் விற்கிறவன் அவன். கொதிக்கிற எஞ்சினைப் பார்த்தான், பெட்டியில் உருகிக் கிடந்த ஐஸ் தண்ணீரைப் பார்த்தான், இரண்டையும் சேர்த்துவிட்டான். ரேடியேட்டருக்குள் பாதி, எஞ்சினின் மேல் பாதி. மீன்காரன் புத்தி அது. எது கெட்டுப்போகப் பார்த்தாலும் ஐஸ் போட்டால் சரி என்று நினைப்பான்.

நான் கேனோடு வந்துகொண்டிருக்கும்போது 'டக்' என்று கேட்டது. பெரிய சத்தம் இல்லை. தேங்காய்ச் சிரட்டை உடைகிற அளவுதான்.

“ஆறிட்டு லாத்தா,” என்றான் முனாஸ், அக்காவுக்கு உதவிய பெருமையில் முகமெல்லாம் சிரிப்பாக.

அவனை அங்கே என்ன சொல்லித் திட்டினேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி நின்று கேட்டுவிட்டுப் போனார். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்.

பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வேனைக் கட்டி இழுத்துப் போனோம். பாலாவியில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் ஃபைஸல் பாஸ் டோர்ச் அடித்துப் பார்த்தார். எஞ்சினின் பக்கவாட்டில், தலைமயிர் ஒன்று ஒட்டியது போல் ஒரு கோடு.

“புளொக் வெடிச்சிட்டு தங்கச்சி,” என்றார். “குளிர்ல இரிக்கக்குள்ள ஒண்டும் தெரியாது. சூடேறினா வாயத் தொறக்கும், தண்ணி வெளிய ஊத்தும். ரேடியேட்டர் காஞ்சா எஞ்சின் இறுகிரும்.”

புளொக் என்பது எஞ்சினின் உடம்பு. அதன் வயிற்றுக்குள்தான் எல்லாம் ஓடுகிறது. மற்ற எதையும் கழற்றி மாற்றலாம், புளொக் போனால் வீட்டுக்கு அத்திவாரம் போன மாதிரி. அதுவும் போன வருடம்தான் உள்ளே பிஸ்டன் ரிங் எல்லாம் புதிதாகப் போட்டிருந்தேன். ஃபைஸல் பாஸ் இரும்புப் பசை பூசிப் பார்த்தார். கேத்தலில் தண்ணீர் கொதிக்கிற நேரம்கூட அது நிற்கவில்லை.

அன்று பின்னேரமே செய்தி ஊர் முழுக்கப் போய்விட்டது. ஸுலைஹா எனக்கு ஃபோன் பண்ணினாள். ஒன்றாம் ஆண்டு படிக்கும் ஃபாஹிமாவின் உம்மா. அந்தப் பக்கத்து உம்மாமார் எல்லாம் அவள் வாயைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

“நளீர் வந்து கேட்டான் லாத்தா, புள்ளயள நான் ஏத்துறேன் எண்டு. நாளைக்கு ஸ்கூல் இரிக்கி. நாங்க என்ன செய்ற?”

“ஏத்தட்டும். நான் திங்கக்கிழமை வருவேன்.”

“திங்கக்கிழமை வந்தா நல்லம். வராட்டி நாங்களும் ஒரு முடிவு எடுக்கணும். கோவிக்க வேணாம்.”

நளீரின் வேன் புதுசு. ஏசி வேறு. திங்கட்கிழமை நான் போய் நிற்காவிட்டால் ரூட் அவனுக்குப் போகும், போன ரூட் திரும்பாது. பிறகு நான் வேனை விற்றுவிட்டு வீட்டுக்குள் இருந்து கத்தாரிலிருந்து ஃபோன் வருமா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மர்ஸூக்கும் அன்றிரவு அதைத்தான் சொன்னார், அன்பாகத்தான் சொன்னார்: “வித்துப்போடு நபீலா. நான் வந்த பொறகு வேற பாப்பம்.” எனக்கு நெஞ்சு எரிந்தது. ஸ்டியரிங்கில் கை வைத்த நாளிலிருந்துதான் நான் யாரென்று எனக்கே தெரிய வந்தது. அதை விற்கச் சொல்கிறார் மனிதர்.

“புளொக் தேடப் போறேன்,” என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

மறுநாள் முனாஸின் மீன்பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் நான் ஏறிக்கொண்டேன். முதலில் புத்தளத்தில் பழைய இரும்புக் கடை. கடைக்காரர் வெள்ளி நிறத்தில் பளபளவென்று ஒரு புளொக்கைக் காட்டினார். ஜப்பானிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்றார். இரும்புக் கடையில் கிடக்கிற பொருளுக்கு எதற்கு இவ்வளவு பவுடர் என்று சாவியால் ஒரு கீறு கீறினேன். பெயின்ட்டுக்குக் கீழே வெல்டிங் போட்ட தழும்பு. “அது ஒண்டும் செய்யாது மகள்,” என்றார். “ஓம், ஒங்களுக்கு ஒண்டும் செய்யாது,” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு கற்பிட்டியில் ஒரு மீன்பிடிப் படகுக்காரரிடம் போனோம். எங்கள் வேனின் அதே எஞ்சின், கரையில் தூக்கி வைத்திருந்தார். வெளியில் பார்க்க நல்லாய்த்தான் இருந்தது. தண்ணீர் போகும் துவாரத்தில் ஸ்குரூட்ரைவரை விட்டுச் சுரண்டினேன், இரும்பு பிஸ்கட்டாக உதிர்ந்தது. கடல் தண்ணீரை விட்டே எஞ்சினைக் குளிர வைத்திருக்கிறார்கள். கடல் தனக்கு வேண்டியதை எடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் எனக்கு வைத்திருந்தது.

கராஜ் பக்கம் திரும்பி வந்தோம். பாலாவிச் சந்தியில் முனாஸ் பைக்கை நிறுத்தினான்.

“லாத்தா, ஒண்டு செல்லவா. முந்தல்ல ஒரு இறால் பண்ணை இரிக்கி. தோமஸ் எண்டு ஒரு மனுசன். விடியக்காலைல மீன் எடுக்கப் போகக்குள்ள கேப்பேன், குளத்துல தண்ணி கலக்குற சக்கரம் சுத்துது. அது பண்ணை எஞ்சின்ட சத்தம் இல்ல. ஒங்கட வேன்ட சத்தம்.”

“சத்தத்த வெச்சு செல்றியா?”

“நீங்க திட்டுற சத்தத்தையும் வேன்ட சத்தத்தையும் நான் எங்கயும் மறக்க மாட்டேன்.”

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு, ஃபைஸல் பாஸையும் இழுத்துக்கொண்டு முந்தலுக்குப் போனோம். கேட்டிலேயே தோமஸண்ணன் கையை நீட்டி மறித்தார். அறுபதுக்குக் கிட்ட வயது, கழுத்தில் சின்னச் சிலுவை, வெயிலில் கறுத்த உடம்பு.

“மீன் பைக் உள்ள வரேலாது. ரோட்டுல விடுங்க. மருந்துத் தண்ணில கால் கழுவிட்டு வாங்க.”

இறாலுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் ஒரு கிழமையில் முழுக் குளமும் போய்விடும். கடலிலிருந்து வரும் எந்த ஈரமும் அவர்களுக்குப் பயம். முனாஸை முகர்ந்து பார்த்துவிட்டு அவனை மட்டும் இரண்டு தரம் கழுவ வைத்தார். எனக்கு அந்த மனிதரை அப்போதே பிடித்துவிட்டது. தன் பொருளைக் காக்கத் தெரிந்தவர்.

எஞ்சின் குளத்துக் கரையில் தகரக் கூரையின் கீழ் நின்றது. அதே டொல்பின் எஞ்சின். முன்னால் வேன் ரேடியேட்டர் ஒன்றும் பூட்டியிருந்தது. நான் மூடியைத் திறந்து, விரலை விட்டு, நாக்கில் வைத்தேன். துரு கைத்தது. உப்பு இல்லை.

“நல்ல தண்ணி,” என்றேன்.

தோமஸண்ணன் சிரித்தார். “என்ட வீட்டுக் குடிதண்ணி. முன்ன ஒரு எஞ்சினுக்கு குளத்துத் தண்ணி விட்டு ஒரே வருசத்துல தின்னக் குடுத்தன். இது நாலு வருசமா நிக்குது. ஆனா தங்கச்சி, இத நான் தரமாட்டன். குளம் நிறைய இறால். இன்னும் ஒரு மாசத்துல அள்ளுவன். ராவுல சக்கரம் நிண்டா தண்ணில காத்து இல்லாம விடியக்குள்ள எல்லாம் செத்து மிதக்கும்.”

முனாஸின் முகம் தொங்கிப்போனது. எனக்கு அப்போதுதான் மண்டையில் பொறி தட்டியது. என் வேனில் தண்ணீர் ஏன் பிரச்சினை? ரேடியேட்டரில் இருப்பது ஒரு வாளி, அது ஒழுகித் தீர்ந்தால் எஞ்சின் செத்தது. இங்கே அப்படியா? கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர்தான்.

“அண்ணன், ஒங்கட எஞ்சின எனக்குத் தாங்க. நான் என்ட எஞ்சினத் தாறேன்,” என்றேன். “என்ட புளொக் வெடிச்சது. மறைக்கல. தண்ணி ஒழுகும். ஆனா ஒரு பக்கத்தால ஹோஸ் போட்டு குளத்துத் தண்ணி விட்டுக்கிட்டே இரிந்தா, ஒழுகினா என்ன? ஒரு மாசத்துல உப்பும் தின்னாது. ரோட்டுலதான் அது நோயாளி. இஞ்ச அது ராசா.”

தோமஸண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எண்ணெய் ஒழுகினா? ஒரு சொட்டு குளத்துல விழுந்தா என்ட கதை முடிஞ்சுது.”

“வெடிப்பு தண்ணி ஓடுற சுவர்லதான்,” என்றார் ஃபைஸல் பாஸ். “எண்ணெய்க்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. எண்டாலும் வாய்க்கால் வெட்டி, வாற தண்ணிய தரைப் பக்கம் விடுவம்.”

“ரிங் எல்லாம் போன வருசம் போட்டது. ஒங்கட எஞ்சின் பொகை கக்குது, என்டது கக்காது. அறுவடை முடிஞ்சா எப்பிடியும் குளத்தக் காயப்போடுவீங்கதானே. அப்ப ஒங்களுக்கு ஒரு நல்ல புளொக் தேடித் தாறது என்ட பொறுப்பு.”

அவரது மனைவி பாக்கியம்மா அதுவரை கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். “அவசரம் எதுக்கு மகள்?” என்றார். நான் சொன்னேன். பிள்ளைகள், நளீர், திங்கட்கிழமை, எல்லாம் சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்தது, அதை மறைக்க நான் முனாஸை ஒரு முறை முறைத்தேன்.

“சரி,” என்றார் தோமஸண்ணன் கடைசியில். “ஆனா ராவுல அது நிண்டா? எனக்கு ஆர் பொறுப்பு?”

“இவன்,” என்றேன், முனாஸைப் பிடித்து முன்னால் தள்ளி. “ஒடச்சவன் இவன்தான். அறுவடை வரைக்கும் ஒவ்வொரு ராவும் ஒங்கட எஞ்சினுக்குப் பக்கத்துல இருப்பான்.”

முனாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான், என் கண்ணைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். “ஓம் அண்ணன்,” என்றான். நகையை அடகு வைத்தவர்களைக் கண்டிருக்கிறேன். தம்பியை அடகு வைத்து எஞ்சின் எடுத்தவள் நான் ஒருத்திதான்.

சனிக்கிழமை காலை என் எஞ்சினைப் பட்டா என்கிற சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினோம். வெயில் எறிக்கும் மட்டும் பாசியே தண்ணீருக்கு மூச்சுக் கொடுக்கும், அதனால் பகலில் சக்கரத்தை நிறுத்தலாம் என்பது தோமஸண்ணனின் அனுபவம். வெயில் இறங்குவதற்குள் என் எஞ்சின் சுற்ற வேண்டும். அவர் தன் எஞ்சினை நிறுத்தினார். பண்ணை முழுக்க அப்படி ஓர் அமைதி.

தென்னங்குற்றிகளைக் கூட்டிக் கட்டி, கப்பி போட்டு, அவருடைய எஞ்சினைத் தூக்கினோம். பகல் லுஹர் தொழுகைக்கு முன் அது லொறியில். என்னுடையதை இறக்கி, பூட்டி, ஹோஸ் போட்டு, வாய்க்கால் வெட்டி முடிய பின்னேரத்து அஸர் தொழுகை நெருங்கிவிட்டது. ஃபைஸல் பாஸ் ஸ்டார்ட் பண்ணினார். கிர்ர் என்றது, பிடிக்கவில்லை. மறுபடி. பிடிக்கவில்லை. டீசல் குழாய்க்குள் காற்றுப் புகுந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து மேகம் மூடியது. தோமஸண்ணன் குளத்து ஓரத்தில் குந்தியிருந்தார். நான் போய்ப் பார்த்தேன். கரையோரம் நாலைந்து இறால்கள் மேலே வந்து மீசையை ஆட்டிக்கொண்டிருந்தன. அது நல்ல அறிகுறி இல்லை என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பாக்கியம்மா செபமாலையை எடுத்துவிட்டார். எனக்குத் தெரிந்த துஆ எல்லாம் நானும் ஓதினேன். என் ரூட்டுக்காக ஒரு குடும்பத்தின் அறுவடையையே கொல்லப்போகிறேனா என்று நினைத்தேன். ஆனால் என் கணக்கு பிழை இல்லை என்று எனக்குத் தெரியும். கணக்கு சரி, காற்றுத்தான் பிழை.

“பாஸ், தள்ளுங்க,” என்று சொல்லி நானே கை பம்பை அடித்தேன். அவர் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்த, நுரை நுரையாகக் காற்று வந்தது. பிறகு நுரை இல்லாத டீசல் வந்தது. நட்டை இறுக்கினோம். பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாவியைத் திருப்பினேன்.

பிடித்தது. என் வேனின் அதே சத்தம். சக்கரம் சுற்ற, குளம் வெள்ளை வெள்ளையாகப் பொங்கியது. சூடேறியதும் வெடிப்பு வாயைத் திறந்து தண்ணீர் துப்பத் தொடங்கியது. துப்பிய தண்ணீர் வாய்க்கால் வழியே தரைக்குப் போனது, ஹோஸ் வழியே புதுத் தண்ணீர் உள்ளே போனது. தோமஸண்ணன் விரலால் அந்த வாய்க்கால் தண்ணீரைத் தொட்டு, முகர்ந்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். எண்ணெய் இல்லை. கரையோரம் பார்த்தார், மீசை காட்டிய இறால்கள் கீழே போயிருந்தன.

“போயிட்டு வா தங்கச்சி,” என்றார். “உன்ட தம்பிக்கு ராச்சாப்பாடு இஞ்சதான்.”

ஞாயிறு முழுக்க ஃபைஸல் பாஸும் நானும் கராஜில் கிடந்தோம். எஞ்சின் நம்பர் மாறினால் பதிய வேண்டும், அதை நான் பிறகு முறையாகச் செய்தேன். அந்தியில் மஃரிபு பாங்கு சொல்லும்போது வேன் தன் காலில் நின்றது. கொஞ்சம் புகை கக்கியது. கக்கட்டும், ஓடுகிறதே.

திங்கட்கிழமை பள்ளிவாசல்துறைக்குப் போனேன். நளீர் எனக்கு முன்னாலேயே வந்திருந்தான். பிள்ளைகள் அவன் வேனில் ஏறி உட்கார்ந்தும்விட்டார்கள். உம்மாமார் தெருவோரம் நின்றார்கள். நான் வேனை அவனுக்குப் பின்னால் நிறுத்தி இறங்கினேன். எனக்கு வாய் நிறைய வார்த்தை இருந்தது, ஆனால் பிள்ளைகளை இறங்கு என்று சொல்லும் உரிமை என்னிடம் இல்லை. நான் என் வேனின் கதவை மட்டும் திறந்து வைத்தேன்.

ஸுலைஹா வந்து என் வேனைச் சுற்றிப் பார்த்தாள். “என்ன லாத்தா, பொகை வருது.”

“இறால் பண்ணைல இரிந்த எஞ்சின். கொஞ்ச நாளைக்கு வரும்.”

“இது எத்தினை நாளைக்குத் தாங்கும்?”

“தெரியாது,” என்றேன். “நிண்டா இன்னொண்டு தேடுவேன்.”

நளீர் இறங்கி வந்தான். கெட்ட பையன் இல்லை, தொழில் தெரிந்தவன். “லாத்தா, ஒங்கட எஞ்சின் ஒரு நெலைக்கு வரட்டுமே,” என்றான். “இந்தத் தவணை முடியும் வரைக்கும் தற்காலிகமா நான் ஏத்துறேன். தற்காலிகமாத்தான்.”

ஸுலைஹா அவன் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

“தம்பி, எங்கள இஞ்ச கொண்டாந்து எறக்கக்குள்ளயும் தற்காலிகம் எண்டுதான் சென்னாங்க. அப்ப எனக்கு ஆறு வயசு. இப்ப என்ட புள்ளக்கி ஆறு வயசு.”

அவளே போய் அவன் வேனின் கதவை இழுத்துத் திறந்தாள். “ஃபாஹிமா, எறங்கு.”

ஃபாஹிமா இறங்கினாள். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மற்றவர்களும். மூன்று பிள்ளைகள் ஏசியை விட்டு இறங்கவில்லை, அவர்களின் உம்மாமார் என் முகத்தைப் பார்க்கவில்லை. போகட்டும், எல்லாரையும் பிடித்து வைக்க நான் என்ன வலையா.

கதவைச் சாத்திவிட்டு ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பியதும் கண் நிறைந்துவிட்டது. பாலாவி வரைக்கும் அழுதுகொண்டுதான் ஓட்டினேன்.